விழாதவர்களுக்கான பகுதி

முப்பத்தொரு வருஷம் உயரத்தில் நின்றே சோறு தின்ற மனுஷனைப் பிடித்து, "சும்மா தரையில விழுப்பா" என்றால் அவன் என்னதான் செய்வான்? நம்ம சாரக்காரருக்கு அந்தக் கதிதான் வந்தது.

ஊரில் யாருக்கும் அவர் பேர் ஞாபகமில்லை. சாரக்காரர் என்றால் போதும். கட்டிடம் எழும்பினாலும், சுவருக்கு வெள்ளையடித்தாலும், கோவில் கோபுரத்துச் சிலுவை சாய்ந்தாலும், கம்பும் குழாயும் கயிறுமாக முதலில் போய்ச் சாரம் கட்டுகிறவர் அவர்தான். கடைசியாக அவிழ்த்துக்கொண்டு இறங்குகிறவரும் அவர்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. விழுந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும், நான் இங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்திருங்க. இப்ப எடுத்தா சுலபமா முடிஞ்சிரும். விட்டீங்கன்னா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுத்தான். அதுக்குள்ள அது எங்க போய் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது." குரல் கொஞ்சம் மாறலாம், நூத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகும் என்றும் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கட்டி, படம், தேதி எல்லாம் காதில் விழவே இல்லை. நூத்துல ஒருத்தர் என்பது மட்டும் விழுந்தது. ஏனென்றால் கோவிலில் ஜெபமாலையை முன்னால் சொல்கிறவள் அவள்தான். இருபது வருஷமாக மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

இந்தப் பயத்தோடு அவள் நடமாடிக்கொண்டிருந்த வாரத்தில்தான், கோவிலை ஒட்டிய மண்டபத்தில் மூன்று நாள் குணமளிக்கும் கூட்டம் என்று பலகை வைத்தார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்தரை வரை. "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துருவோம்ங்க. போனா என்ன?" என்றாள். அவரும் துணைக்குப் போனார்.

வாசலில் ஒரு அம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லாரும் பதிவேட்டம்மா என்றார்கள். பேர், நோய், தொழில், உடன் வந்தவர் தொழில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு ஆளுக்கொரு பச்சைச் சீட்டு கொடுத்தாள்.

"இதைத் தொலைச்சிராதீங்க. வெளிய போறதுக்கு இதுல முத்திரை வேணும்."

"முத்திரை எப்பக் கொடுப்பீங்க?"

"பிரதர் கை வைப்பாரு. விழுவீங்க. விழுந்ததும் எப்படி விழுந்தீங்கன்னு எழுதி முத்திரை போட்டுருவேன்."

"விழலன்னா?"

பதிவேட்டம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "விழாம யாருங்க இருக்காங்க?"

உள்ளே போனதும் மற்றவர்கள் கூட்டத்தை நடத்துகிற பிரதரைப் பார்த்தார்கள். சாரக்காரர் வளைவைப் பார்த்தார். தொழில் புத்தி. மேடைக்கு மேலே பூவும் துணியுமாகப் பெரிய வளைவு, இரும்புக் குழாயில். பக்கவாட்டுக் கால்கள் சரியாகத்தான் நின்றன. ஆனால் மேலே போகிற குறுக்குக் குழாயை வழுக்குகிற நைலான் கயிற்றால் ஒரே சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்தி நின்ற தாங்குவோர் அணித் தலைவரிடம் போய்ச் சொன்னார். அணித் தலைவர் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குகிறவர். பீரோ சாய்ந்தால் நெஞ்சால் தாங்கிப் பழக்கம் என்பதால், விழுகிறவர்களைப் பின்னால் நின்று தாங்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அதை நாங்க ஜெபம் பண்ணிக் கட்டினோம்" என்றார் அணித் தலைவர்.

"ஜெபம் சரிங்க. ரெண்டாவது சுத்து எங்க?"

"இந்த மூணு நாளும் யாரும் குறை பேசக் கூடாதுன்னு பிரதர் உத்தரவு."

அவர் திரும்புவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. மேடை ஓரத்தில், வளைவுக்குப் பின்பக்கமாக, உண்டியல் மாதிரி ஒரு பெரிய மரப்பெட்டி. மேலே 'சரணடைவுப் பெட்டி' என்று எழுதியிருந்தது. டாக்டர் கொடுத்த காகிதங்களை அதில் போட்டுவிட்டால் நோயையே ஒப்புக்கொடுத்த மாதிரி. வரிசை நகர்ந்தது, அவர் மனைவியும் நகர்ந்தாள், படமும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கான கடிதமும் இருந்த உறை மொத்தமாக உள்ளே போயிற்று. பெட்டியில் பூட்டு. சாவி பதிவேட்டம்மாவின் கழுத்தில்.

"ஐயோ, அந்தக் கடுதாசி இல்லாம புதன்கிழமை சேக்கவே மாட்டாங்களே!" என்றார் சாரக்காரர்.

"குணமானதும் சாட்சி சொல்லிட்டு வாங்கிக்கலாம். அப்ப தேவைப்படாது. இருந்தாலும் கொடுப்போம்" என்றாள் பதிவேட்டம்மா. ஒழுங்கான ஆள், குறையே சொல்ல முடியாது.

பிரதர் நல்ல உயரம், நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல குரல். அவர் பேச்சைக் கேட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. "நான் யாரையும் தள்ளுறதே கிடையாது" என்றார் மைக்கில். "நெத்தியில கை வைக்கிறேன். கைய கொஞ்சம் முன்னால கொண்டு போறேன். அந்த எடத்துல அவங்க நெத்தி இருக்குது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? டாக்டர்கிட்டப் போகாதீங்கன்னும் நான் ஒருநாளும் சொன்னதில்ல. போறவங்களுக்கு விசுவாசம் இல்லன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

ஜனங்கள் கை தட்டினார்கள்.

சாரக்காரரின் மனைவி முதல் தொடுதலிலேயே விழுந்தாள். பாவம், பத்து நாளாகத் தூங்கவில்லை. காற்றடித்தாலும் விழுந்திருப்பாள். அணித் தலைவர் பக்குவமாகத் தாங்கிப் படுக்க வைத்தார். பிரதர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த மகளுக்குக் குணம் வந்துக்கிட்டிருக்குது... வருது... ஆனா வழியில ஒரு தடை. வீட்டுல ஒரு ஆம்பள. உசரத்துல நின்னு வேலை பாக்கிறவர்" என்றார். கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. வாசலில் பதிவேட்டம்மா உடன் வந்தவர் தொழிலையும் கேட்டு எழுதிக்கொண்டது சாரக்காரருக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏறின உடனே அவருக்குத் தெரியாமலே கால்விரல்கள் விரிந்து பலகையைப் பிடித்துக்கொண்டன. அது அவர் தப்பில்லை, அந்தக் கால்கள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. பிரதர் நெற்றியில் கை வைத்தார். கொஞ்சம் முன்னால் கொண்டு போனார். சாரக்காரர் நின்றார். இன்னும் கொஞ்சம் கொண்டு போனார். நின்றார். மூன்றாவது தடவை பலமாகவே கொண்டு போனதில் பிரதர்தான் ஒரு அடி பின்னால் போனார்.

பதிவேட்டில் விழுந்த விதத்துக்கு ஐந்து கட்டங்கள் இருந்தன: பின்னோக்கி முழுமையாக, பக்கவாட்டில், முழங்காலிட்டு, அழுகையுடன், தாமதமாக. இவருக்குக் கட்டமே இல்லை. பதிவேட்டம்மா அளவுகோலை எடுத்து ஆறாவதாக ஒரு கோடு போட்டாள். மண்டபத்தின் மூலையில் கயிறு கட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, 'விழாதவர்களுக்கான பகுதி' என்று அட்டை தொங்கவிட்டார்கள். மிச்ச நேரம் முழுக்க அவர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். கதவுப் பக்கம் போனால் தொண்டர்கள் கை கோத்துக்கொண்டு சிரித்தார்கள். ஐந்தரைக்கு ஒரு தற்காலிகச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள், மறுநாள் இரண்டு மணிக்குத் திரும்ப வந்து ஒப்படைக்க வேண்டும் என்று.

வீட்டில் மனைவி அழுதுவிட்டாள். "ஒரு தடவை விழுந்தா நீங்க என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"சரி, விழறேன்னு வை. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருவியா?"

"நீங்க விழுந்தா எனக்குக் குணமாயிருமே. அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு?"

"விழலன்னா?"

"தடை இருக்கும்போது கத்திக்குக் கழுத்தக் கொடுத்தா குரல் போயிரும்னு பிரதர் சொல்லிட்டாரு. நான் எப்படி வருவேன்?"

சாரக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். விழுந்தாலும் புதன்கிழமை இல்லை, நின்றாலும் புதன்கிழமை இல்லை. எத்தனையோ இக்கட்டான சந்துகளில், இரண்டு சுவருக்கு நடுவில் உடம்பைத் திருப்ப இடமில்லாமல் சாரம் கட்டியிருக்கிறார். அங்கெல்லாம் ஏதோ ஒரு பக்கம் கால் வைக்க ஒரு துளை இருக்கும். இதில் அதுகூட இல்லை.

திங்கள் காலையில், கோவிலைப் பார்த்துக்கொள்கிற பங்குச் சாமியாரைத் தேடிப் போனார். எழுபத்து நாலு வயது. தன் அறையிலேயே ஒண்டிக் குடித்தனக்காரர் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தார். அறை முழுக்க டிரம் பெட்டிகள். ஜனங்கள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இரண்டு ஸ்பீக்கர்களை நிறுத்தியிருந்தார்கள்.

"என்னங்க சாமி இது?"

"ஜெபக் கூட்டம்னு அனுமதி கேட்டாங்க. ஜெபத்தை வேண்டாம்னு ஒரு சாமியார் எழுதித் தர முடியுமா? கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் சாவியைக் கேட்டாங்க." பெருமூச்சு விட்டார். "மேலிடத்துக்கு எழுதினேன். இது சரியா, பூசையைவிட இது பெருசா, கைவைக்க இவங்க யாருன்னு ஒன்பது பக்கம் எழுதினேன். ஆராய ஒரு குழு போட்டிருக்காங்க. குழுவுக்கு அந்தப் பிரதர்தான் செயலாளர்."

"நோயாளிங்களுக்கு நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லையா சாமி?"

"ஏன் இல்லாம? திருச்சபை எனக்கு இத்துனூண்டு புட்டியில எண்ணெய் கொடுத்திருக்குது. ரெண்டு பக்கம் ஜெபம் கொடுத்திருக்குது. நாலு நிமிஷம் ஆகும். யாரும் விழ மாட்டாங்க. அதனால யாரும் வர்றதுமில்ல." தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "நானும் கூப்பிடல. கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

மத்தியானம் சாரக்காரருக்குத் தனிப் பயிற்சி. அணித் தலைவர் மூன்று மெத்தைகளை விரித்து, விழுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். "முதல்ல முழங்காலை மறந்துருங்க. அப்புறம் இடுப்பை மறந்துருங்க. பின்னால நான் இருக்கேன். ஆயிரத்து நானூறு பேரைத் தாங்கியிருக்கேன், ஒருத்தர் தலையும் தரையில பட்டதில்ல." பதினோரு தடவை முயன்றார்கள். பதினோரு தடவையும் கடைசி நொடியில் ஒரு கால் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. பன்னிரண்டாவதில் செய்து காட்டுகிறேன் என்று அணித் தலைவரே விழுந்தார். தாங்க ஆள் இல்லாததால் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதைப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் பதிவேட்டம்மாவிடம் கெஞ்சினார். "அந்த உறையை மட்டும் எடுத்துக் கொடுங்கம்மா. குணமாகாதவங்க பேரில எழுதிக்கிட்டுக் கொடுத்துருங்க."

"குணமாகாதவங்கன்னு எங்ககிட்ட ஒருத்தரும் இல்லீங்க. பதினாறு வருஷத்துல ஒரு ஆள்கூட இல்ல."

"அது எப்படிம்மா?"

"அதுக்குப் படிவம் வைக்கல" என்றாள் அவள், சாவியைச் சேலைக்குள் போட்டுக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை அவர் முடிவு பண்ணிவிட்டார். விழுந்து தொலைப்பது. பெட்டி திறந்ததும் கடிதத்தைப் பிடுங்கிக்கொள்வது. அப்புறம் மனைவி காலில் விழுந்தாவது புதன்கிழமை அழைத்துப் போவது. அதில் பாதி நடக்காது என்பது அவருக்கே தெரிந்தது. ஆனால் மனுஷன் வேறு என்ன செய்வார்?

கடைசி நாள் என்பதால் பிரதர் குணமாகிக்கொண்டிருக்கிறவர்கள் முப்பது பேரை வளைவுக்கு அடியில் நிறுத்தியிருந்தார். அவர் மனைவி நடுவில். தொண்டர்கள் மேடையில் குதித்து ஆடினார்கள், டிரம் அதிர்ந்தது. சாரக்காரர் மேடை ஏறி, கண்ணை மூடி, முழங்காலை மறந்து, இடுப்பை மறந்து, விழ ஆயத்தமாக நின்றார். பிரதர் கை நெற்றிக்கு வந்தது. அப்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். இத்தனை டிரம் சத்தத்திலும் அவர் காது அதைப் பிடித்துவிட்டது. கயிறு வழுக்கும் சத்தம். கண்ணைத் திறந்தார். குறுக்குக் குழாய் ஒரு முனையில் நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டார்.

"பாருங்க!" என்று கத்தினார் பிரதர். "கையத் தூக்கிட்டாரு! மூணு நாளா தூக்காத கை!"

"அல்லேலூயா!" என்றது மண்டபம்.

"பிரதர், கயிறு விட்டுருச்சு. எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க" என்றார் சாரக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிரதர் மேலே பார்த்தார். பார்த்தது என்னவோ உண்மை. பார்த்துவிட்டு மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னார்: "அஞ்சரைக்கு முடிக்கணும்ங்க. முதல்ல விழுந்துருங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் விழுந்தா இது என் பொண்டாட்டி தலையில விழும்!"

"கொஞ்சம் ஒத்துழைங்க" என்று நெற்றியில் அழுத்தினார் பிரதர்.

மேலே இரும்பு, முன்னால் பிரதர், பின்னால் கையை ஏந்திக்கொண்டு அணித் தலைவர். விட்டாலும் சாவு, நகர்ந்தாலும் சாவு. உலகத்திலேயே தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணில் தண்ணீர் வந்தது. "அழுகையுடன்" என்று கீழே பதிவேட்டம்மா எழுத ஆரம்பித்தாள்.

அவர் மனைவி அப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் வேலை செய்கிற இடங்களுக்குச் சாப்பாடு கொண்டு போனவள் அவள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்று எப்போதும் கால்களை மட்டும்தான் பார்ப்பாள். இப்போதும் காலைத்தான் பார்த்தாள். வலது கால் வெளியே திரும்பி, குதிகால் தூக்கி, விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பாரம் சுமக்கும்போது மட்டும்தான் அந்தக் கால் அப்படி நிற்கும். அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"எல்லாரும் எறங்குங்க! மேடைய விட்டு எறங்குங்க! ஓடுங்க!"

மைக் இல்லை. டிரம் அடித்தவனே கோலைக் கீழே போட்டான். இருபது வருஷமாக அந்தக் குரல் சொன்னதற்குப் பதில் சொல்லிப் பழகின ஜனங்கள், என்ன ஏது என்று கேட்காமல் இறங்கினார்கள். இருந்தாலும் முதலில் இறங்கியவர்கள் தாங்குவோர் அணிதான். இரண்டாவதாக இறங்கியவர் பிரதர்.

மேடை காலியானதும் சாரக்காரர் கையை விட்டுவிட்டு ஒரு பக்கமாகத் தாவினார். பிடிமானம் போன வளைவு பூவோடும் துணியோடும் மல்லாக்கச் சாய்ந்து நேராகச் சரணடைவுப் பெட்டியின் மேல் விழுந்தது. பெட்டி பிளந்தது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையுமாக ஊர் நோயெல்லாம் மேடையில் பரவிக் கிடந்தது.

தூசி அடங்குவதற்குள் பிரதர் கைக்கு மைக் வந்துவிட்டது. "ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல! பாத்தீங்களா அதிசயத்தை!"

சாரக்காரரின் மனைவி மண்டியிட்டுக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தன் உறையைக் கண்டுபிடித்து, தூசியைத் தட்டி மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களைப் போய்த் தடைன்னு நம்பினேனே."

"விடு."

"நாளைக்கு எட்டு மணிக்கா?"

"எட்டு மணி."

"குரல் போயிட்டா என்னங்க பண்றது?"

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றார் அவர். அந்த மூன்று நாளில் அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

வாசலில் பதிவேட்டம்மா முத்திரை தர மறுத்துவிட்டாள். "விழுந்தது வளைவுங்க, நீங்க இல்ல" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். அழுகையுடன் என்பதை அடித்துவிட்டு எழுதியிருந்தாள்: வளைவு ஒன்று, பின்னோக்கி முழுமையாக. தொண்டர்கள் கை கோத்து நின்றார்கள். ஆனால் வளைவு விழுந்ததில் அதன் பின்னால் தொங்கிய திரையும் போய், அங்கே ஒரு பக்கக் கதவு இருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் மேடை ஏறி, அதைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள்.

புதன்கிழமை ஏழரைக்கே பங்குச் சாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார், கூப்பிடாமலே. இத்துனூண்டு புட்டி, இரண்டு பக்கம் ஜெபம், நாலு நிமிஷம். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். யாரும் விழவில்லை. அவளைச் சக்கரப் படுக்கையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

சாரக்காரர் அந்தக் கதவுக்கு எதிரில் இரண்டரை மணி நேரம் நின்றார். சாமியார் நாற்காலியைக் காட்டினார், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை. தான் உட்கார்ந்தால் உள்ளே ஏதாவது சாய்ந்துவிடும் என்பது போல நின்றார்.

டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "எடுத்தாச்சு. சுத்தமா வந்திருச்சு. பயப்பட ஒண்ணும் இல்ல. கண்ணு முழிச்சதும் பேசிட்டாங்க. சத்தமாவே பேசினாங்க."

"என்ன சொன்னா?"

"'அவர் வெளிய நின்னுக்கிட்டேதான் இருப்பாரு, உக்காரச் சொல்லுங்க'ன்னாங்க."

முழங்கால் முதலில் மறந்தது. அப்புறம் இடுப்பு மறந்தது. முப்பத்தொரு வருஷமாகப் பிடித்து நின்ற கால் இரண்டும் சேர்ந்தாற்போல் விட்டுவிட, சாரக்காரர் அப்படியே பின்னால் சாய்ந்தார். சாமியார் பதறிப் போய்ப் பின்னால் ஓடி இரண்டு கையையும் ஏந்தினார். எழுபத்து நாலு வயசுக் கை எவ்வளவு தாங்கும்? இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரித் தரையில் விழுந்தார்கள்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"அடி கிடி பட்டுச்சா?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி. உங்களுக்கு?"

"இல்ல. நாம எப்படி விழுந்தோம்?"

"பின்னோக்கி, முழுமையாக" என்றார் சாரக்காரர். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்க இரண்டு பேரும் அவசரப்படவில்லை.